திரும்பி வராத பம்ப்

பாரடைம் 722 என்ற இன்சுலின் பம்ப் 2006-இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தபோது அதற்கு 4 ஆண்டு உத்தரவாதம் கொடுத்தார்கள். உத்தரவாதம் முடிந்தால் காப்பீட்டில் புது மாதிரி கிடைக்கும், பழையது அலமாரிக்குள் போய்விடும். பம்ப்புகளின் வழக்கமான வாழ்க்கை அதுதான். 722-க்கு அப்படி அமையவில்லை. 13 ஆண்டு கழித்து, 2019 ஜூன் 27 அன்று, அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகமான எஃப்டிஏ அதன் பெயரைச் சொல்லி எச்சரித்தது. தயாரித்த மெட்ரானிக் நிறுவனம் திரும்பப் பெறுதலை அறிவித்தது. பம்ப்பில் எதுவும் உடையவில்லை; இன்சுலினை ஒழுங்காகத்தான் செலுத்திக்கொண்டிருந்தது. அருகில் வரும் அந்நியர் ஒருவர் ரேடியோ அலையின் மூலம் அதற்கு உத்தரவு போட முடியும் என்பதுதான் அதன்மேல் வந்த குற்றச்சாட்டு. ஆனால் அதை இடுப்பில் மாட்டியிருந்த பலர் கொடுக்க மறுத்தார்கள். அவர்களில் சிலர், அந்தக் குறை இருக்கிறது என்று தெரிந்தே, அதற்காகவே, அந்த மாதிரியைத் தேடிப் பிடித்து வாங்கியவர்கள்.

முதல் வகை நீரிழிவு உள்ளவரின் கணையம் இன்சுலினைச் சுரப்பதில்லை. வெளியிலிருந்து போகும் இன்சுலின்தான் அவருக்கு உயிர். பேஜர் அளவுள்ள இந்தப் பெட்டியில் 300 யூனிட் இன்சுலின் கொள்ளும் ஒரு சிறு குப்பியும் ஒரேயொரு ஏஏஏ பேட்டரியும் இருக்கும். உள்ளே ஒரு மோட்டார் திருகுத்தண்டை நகர்த்தும், தண்டு குப்பியின் அடிப்பகுதியைத் தள்ளும், மெல்லிய குழாய் வழியாக மருந்து தோலுக்கடியில் இறங்கும். குழாயையும் ஊசியையும் இரண்டு மூன்று நாளுக்கொரு முறை மாற்ற வேண்டும். பகலும் இரவும் சொட்டுச் சொட்டாகப் போவது பேசல். சாப்பாட்டுக்கு என்று பொத்தானை அழுத்திச் செலுத்துவது போலஸ். 722-இன் பேசல் அளவை 0.05 யூனிட் வரை நுணுக்கமாக மாற்றலாம். ஒரு மில்லி லிட்டரில் 100 யூனிட் உள்ள மருந்தில் அது ஒரு மில்லி லிட்டரின் 2000-இல் ஒரு பங்கு. இவ்வளவு நுணுக்கமான அளவில் வேலை செய்யும் பொருள் தவறினால் இரு பக்கமும் பள்ளம்தான். இன்சுலின் குறைந்தால் சில மணி நேரத்தில் இரத்தம் அமிலமாகத் தொடங்கும். கூடினால் சர்க்கரை இறங்கி, வியர்த்து, நடுங்கி, மயக்கம் வரை போகும். தூக்கத்தில் அது நடந்தால் எழுந்து சர்க்கரை சாப்பிட ஆள் விழித்திருக்க மாட்டார். இரவு நலமாகப் படுத்த இளைஞர்கள் காலையில் படுக்கையில் இறந்து கிடந்த நிகழ்வுகளை பிரிட்டனின் டாட்டர்சால், கில் என்ற இரு மருத்துவர்கள் 1991-இல் ஆராய்ந்து எழுதினார்கள். அந்த அச்சம் தெரியாமல் இந்தப் பம்ப்பின் கதை புரியாது.

பம்ப்புக்கு ரேடியோ எதற்கு? வசதிக்குத்தான். விருந்தில் உட்கார்ந்திருப்பவர் சட்டையைத் தூக்கிப் பொத்தானை அழுத்த வேண்டாமே என்று, அதற்கு முந்தைய மினிமெட் 508-உடனேயே சாவிக்கொத்தில் தொங்கும் அளவில் ஒரு ரிமோட் கொடுத்தார்கள். பாரடைம் வரிசையில் ரேடியோவுக்கு வேலை கூடியது. விரலில் குத்திப் பார்க்கும் மீட்டர் தன் எண்ணைப் பம்ப்புக்கு அனுப்பியது. 722-உம் அதன் சிறிய உடன்பிறப்பான 522-உம் தோலில் ஒட்டிய சென்சாரின் அளவைத் திரையில் காட்டின. பம்ப்பும் தொடர் சென்சாரும் ஒரே அமைப்பாக வந்தது அப்போதுதான் முதல் தடவை. கேர்லிங்க் என்ற யூஎஸ்பி குச்சியைக் கணினியில் செருகினால் பம்ப்பின் பதிவுகளை இறக்கி மருத்துவரிடம் காட்டலாம். இத்தனை உரையாடலும் மறையாக்கம் இல்லாமல், திறந்த வெளியில் நடந்தது. கட்டளை அனுப்புவது யார் என்று பம்ப் சரிபார்த்த ஒரே அடையாளம், அதன் முதுகில் அச்சிட்டிருந்த ஆறு இலக்க வரிசை எண். பம்ப் வடிவமைக்கப்பட்ட காலத்தில் ஒருவரின் இன்சுலினை இன்னொருவர் திருட்டுத்தனமாகக் கூட்டுவார் என்று யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

2011 ஆகஸ்டில் லாஸ் வேகஸில் நடந்த பிளாக் ஹாட் மாநாட்டில் ஜே ராட்கிளிஃப் என்பவர் மேடையேறினார். கணினிப் பாதுகாப்பு அவர் தொழில். முதல் வகை நீரிழிவு அவர் உடம்பில். தன் சொந்தப் பம்ப்புக்கு வெளியிலிருந்து கட்டளை அனுப்ப முடியும் என்று அவர் காட்டினார். அதே ஆண்டு அக்டோபரில் மயாமியில் பார்னபி ஜாக் என்ற இன்னொரு பாதுகாப்பு ஆய்வாளர் ஒரு படி மேலே போனார். வரிசை எண் தெரியாமலே, 300 அடி தொலைவிலிருந்து பம்ப்பைக் கைப்பற்றலாம் என்றார் அவர். செய்தித்தாள்கள் ஒரு வாரம் பரபரத்தன. பிறகு எட்டு ஆண்டு வரை அந்தப் பம்ப்புகளை இந்தக் குறைக்காகத் திரும்பப் பெறச் சொல்லி யாரும் அறிவிக்கவில்லை. இந்த எட்டு ஆண்டுகளில்தான் 722 தன் இரண்டாவது வாழ்க்கையைத் தொடங்கியது.

சான்பிரான்சிஸ்கோவில் பென் வெஸ்ட் என்ற நிரலாளர், அவரும் முதல் வகை நீரிழிவு உள்ளவர், தன் பம்ப்பில் இருக்கும் தன் தரவு தனக்குக் கிடைக்க வேண்டும் என்று நினைத்தார். நிறுவனம் அந்த ரேடியோ மொழியை வெளியிடவில்லை. கேர்லிங்க் குச்சிக்கும் பம்ப்புக்கும் இடையே ஓடிய பேச்சைப் பைட் பைட்டாகப் பதிவுசெய்து, பல ஆண்டு உட்கார்ந்து, அவரே அதைப் படித்தெடுத்தார். சியாட்டிலில் தனியாக வாழ்ந்த டேனா லூயிஸுக்குப் பிரச்சினை வேறு. சர்க்கரை இறங்கும்போது சென்சார் அலாரம் அடிக்கும். ஆழ்ந்து தூங்கும் அவருக்கு அது கேட்காது. உற்பத்தியாளர்களிடம் சத்தத்தைக் கூட்டித் தரச் சொல்லிக் கேட்டுச் சலித்துப்போனார். 2013-இல் அவரும் ஸ்காட் லைப்ராண்ட் என்பவரும் சென்சார் அளவை வெளியே எடுத்து, ஊரையே எழுப்பும் அலாரம் ஒன்றைச் செய்துகொண்டார்கள். பிறகு சர்க்கரை எங்கே போகும் என்று முன்கூட்டியே கணிக்கும் நிரல் எழுதினார்கள். பென் வெஸ்ட் படித்தெடுத்த மொழி கைக்கு வந்ததும் மீதியும் கூடிவந்தது. 2014 டிசம்பரில் அவர்களின் சிறு கணினி சென்சாரைப் படித்து, கணக்குப் போட்டு, பம்ப்புக்குத் தானே கட்டளை அனுப்பத் தொடங்கியது. 2015 பிப்ரவரியில் ஓப்பன்ஏபிஎஸ் என்ற பெயரில் அந்த வடிவமைப்பை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள்.

அந்தக் கணினி செய்வதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கொரு முறை சென்சார் எண் வரும். சர்க்கரை இறங்கிக்கொண்டிருந்தால் கணினி பம்ப்பிடம் "அடுத்த 30 நிமிடத்துக்குப் பேசலை நிறுத்து" என்று சொல்லும். ஏறினால் "கூட்டு" என்று சொல்லும். ஒவ்வொரு கட்டளைக்கும் ஆயுள் 30 நிமிடம் மட்டும். கணினியின் மின்கலம் தீர்ந்தாலும், சென்சார் கழன்று விழுந்தாலும், தொடர்பு அறுந்தாலும், அரை மணிக்குள் பம்ப் பழையபடி மருத்துவர் எழுதிக்கொடுத்த பேசலுக்குத் திரும்பிவிடும். கூடுதல் இன்சுலினுக்குப் பம்ப்பிலேயே பூட்டிய உச்சவரம்பும் உண்டு. தவறு நடந்தால் எந்தப் பக்கம் விழ வேண்டும் என்று முதலிலேயே யோசித்துக் கட்டிய அமைப்பு இது. எனக்கு இதில் பிடித்தது இந்த அடக்கம்தான்.

இத்தனையும் முடிந்ததற்குக் காரணம், ராட்கிளிஃப் மேடையில் காட்டிய அதே திறந்த கதவு. கள்ளன் வரக்கூடிய வழியாகத்தான் வீட்டுக்காரரும் உள்ளே போனார். மெட்ரானிக் பின்னால் வந்த பம்ப்புகளில் அந்த வழியை அடைத்துவிட்டது. 523, 723 மாதிரிகளில் மென்பொருள் 2.4ஏ வரை கதவு திறந்திருக்கும், அதற்குப் பிறகு மூடியிருக்கும். ஆகவே உத்தரவாதம் காலாவதியான, விரிசல் விட்ட, பேட்டரி மூடி தேய்ந்த பழைய பம்ப்புகளுக்குத் திடீரென்று கிராக்கி வந்தது. பயன்படுத்தியவர் இறந்துபோக, வீட்டில் கிடந்த பம்ப்பைக் குடும்பத்தார் எடுத்துக் கொடுத்தார்கள். விளம்பரத் தளங்களில் சில நூறு டாலருக்குக் கைமாறியது. மருத்துவர் சீட்டு வேண்டிய கருவியை அப்படி விற்பது முறையல்ல என்பது வாங்கியவருக்கும் விற்றவருக்கும் தெரிந்தே இருந்தது. முன்பின் தெரியாதவரை வாகன நிறுத்துமிடத்தில் சந்தித்து, முதலில் பம்ப்பின் திரையில் மென்பொருள் எண்ணைப் பார்த்து, பிறகு பணத்தை எண்ணிக் கொடுத்தார்கள். பீட் ஷ்வாம் என்ற தந்தை ஐபோனுக்கும் பம்ப்புக்கும் நடுவே மொழிபெயர்க்கும் ரைலிலிங்க் என்ற சிறு பலகையைச் செய்தார். நேட் ராக்லைஃப்ட் என்பவர் லூப் என்ற செயலியை எழுதினார். குழந்தைகளின் பெற்றோர் பலர் இந்த வழியில் வந்தார்கள். இரவில் மூன்று நான்கு முறை எழுந்து பிள்ளையின் விரலில் குத்திப் பார்த்தவர்கள், முதல் முறையாக விடியும் வரை தூங்கினார்கள்.

ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2019 மே மாதத்தில் எஃப்டிஏ ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. அங்கீகாரம் இல்லாத கருவிகளை இணைத்துப் பயன்படுத்திய ஒருவருக்கு இன்சுலின் மிகுதியாகப் போய், மருத்துவ உதவி தேவைப்பட்டது என்று அது சொன்னது. அதற்கு ஒரு மாதம் கழித்துத்தான் ஜூன் 27 வந்தது.

அதற்குப் பின்னணியில் பில்லி ரியோஸ், ஜோனதன் பட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இருந்தார்கள். 2018-இல் ரிமோட்டின் பலவீனத்தை வெளியிட்டார்கள். அப்போது மெட்ரானிக் பயனர்களுக்குச் சொன்ன யோசனை, ரிமோட் வசதியை அணைத்து வையுங்கள் என்பதுதான். அது போதாது என்று நினைத்த அந்த இருவரும், இந்த மாதிரிகளில் எந்தப் பம்ப்பையும் இயக்கக்கூடிய ஒரு ஆண்ட்ராய்டு செயலியையே எழுதி, அதிகாரிகளிடம் காட்டினார்கள். பக்கத்து மேசையில் இருப்பவர் கைபேசியிலிருந்து உயிரைப் பறிக்க முடியும் என்று நேரில் பார்த்த பிறகு எச்சரிக்கை வெளிவந்தது. மினிமெட் 508, பாரடைம் 511 தொடங்கி 722, பழைய மென்பொருள் கொண்ட 523, 723, அமெரிக்காவுக்கு வெளியே விற்ற வியோ மாதிரிகள் எல்லாம் பட்டியலில் இருந்தன. அமெரிக்காவில் ஏறக்குறைய 4000 பேர் அவற்றைப் பயன்படுத்துவதாக மெட்ரானிக் கணக்கிட்டது. யாருக்கும் தீங்கு நேர்ந்ததாக உறுதியான தகவல் எதுவும் இல்லை என்று எஃப்டிஏ சேர்த்தே சொன்னது.

அந்தப் பட்டியலை வாசித்தபோது லூப் பயனர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். அவர்கள் வாங்கத் தேடிய மாதிரிகளின் பட்டியலும் இதுவும் ஏறத்தாழ ஒன்றே, மென்பொருள் எண் உட்பட. பம்ப்பை மாற்ற விரும்பாதவர்களுக்கும் அறிவிப்பில் வழி சொல்லியிருந்தார்கள்: பம்ப்பை எப்போதும் உங்கள் கைவசம் வையுங்கள், வரிசை எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள், பம்ப்பின் ஒலிகளைக் கவனியுங்கள், நீங்கள் அழுத்தாத போலஸ் ஓடினால் உடனே நிறுத்துங்கள், கேர்லிங்க் குச்சியை வேலை முடிந்ததும் கழற்றுங்கள். பலர் இதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். தெருவில் கைமாறிய பம்ப்புகளின் விஷயம் இன்னும் சிக்கல். நிறுவனத்தின் பதிவேட்டில் முதல் உரிமையாளர் பெயர்தான் இருக்கும். கடிதம் அவர் முகவரிக்குத்தான் போகும். பம்ப்போ வேறு ஊரில் வேறொருவர் இடுப்பில்.

அவர்கள் மறுத்ததை நான் பிடிவாதம் என்று சொல்ல மாட்டேன். தாக்க வருபவர் அருகில் நிற்க வேண்டும், கருவி வைத்திருக்க வேண்டும், கொல்லும் எண்ணமும் வேண்டும். தூக்கத்தில் சர்க்கரை இறங்க யாருடைய எண்ணமும் தேவையில்லை; அது ஒவ்வொரு இரவும் வந்து பார்த்துவிட்டுப் போகும். இரண்டு ஆபத்துகளையும் ஒரே உடம்பில் சுமப்பவர் எதற்கு முதலில் பயப்படுவார்? எஃப்டிஏ செய்ததும் சரிதான். ஒரு செயலியால் ஆளைக் கொல்ல முடியும் என்று தெரிந்த பிறகு அமைதியாக இருக்கும் அதிகாரி தன் வேலையைச் செய்யாதவர். தவறு அதற்கு முன்பே நடந்துவிட்டது. பம்ப்பின் வழியை அடைத்தபோது, அந்நியரை வெளியே நிறுத்திவிட்டு உரிமையாளருக்கு ஒரு சாவி கொடுத்திருக்கலாம். இருவரையும் சேர்த்தே வெளியே நிறுத்தினார்கள்.

மாற்றாக என்ன கிடைத்தது என்பது இதைவிடக் கனமான விஷயம். அமெரிக்கப் பயனர்களுக்கு மெட்ரானிக் எழுதிய கடிதம், 670ஜி போன்ற புது மாதிரிக்கு மாறுவதைப் பற்றி மருத்துவரிடம் பேசச் சொன்னது. 670ஜி சென்சாரைப் பார்த்துத் தானே பேசலை மாற்றும். 2016-இல் அப்படிப்பட்ட முதல் பம்ப்பாக அனுமதி பெற்றது. ரேடியோவும் பூட்டியிருந்தது. ஆனால் அதன் குப்பி வாயில் ஒரு வளையம் இருந்தது. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் வளையம்; குப்பியைச் செருகித் திருகினால் அதுதான் பிடித்து நிறுத்தும். கீழே விழுந்தால், இடித்தால், சில நேரம் காரணம் தெரியாமலே, அது உடைந்தது. வளையம் உடைந்தால் குப்பி இடத்தில் நிற்காது. குப்பிக்கும் தண்டுக்கும் இடையே இடைவெளி விழுந்தால் மருந்து போவது நின்றுவிடும், திரை மட்டும் போய்க்கொண்டிருப்பதாகச் சொல்லும். குப்பி நழுவியதைக் கண்டு, குழாய் உடம்பில் இருக்கும்போதே உள்ளே அழுத்தினால், பல மணி நேர இன்சுலின் ஒரே நொடியில் பாயும்.

2019 நவம்பரில், பாரடைம் அறிவிப்புக்கு ஐந்து மாதம் கழித்து, 670ஜி உள்ளிட்ட 600 வரிசை பம்ப்புகளுக்கும் திரும்பப் பெறுதல் வந்தது. 2020 பிப்ரவரியில் எஃப்டிஏ அதை மிகக் கடுமையான முதல் வகுப்பில் சேர்த்தது. அமெரிக்காவில் 3,22,005 பம்ப்புகள். இந்தக் கோளாறு பற்றி வந்த புகார்கள் 26,421. நிறுவனத்துக்குத் தெரியவந்த காயங்கள் 2,175, ஒரு மரணம். ஒவ்வொரு காயத்துக்கும் வளையமே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. பம்ப் அணிபவரின் சர்க்கரை வேறு காரணங்களாலும் ஏறும், இறங்கும். இருந்தாலும் இந்த எண்களை 722-இன் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை. ஒன்றில் கற்பனை செய்யக்கூடிய கொலைகாரர், உறுதியான தீங்கு பூஜ்யம். மற்றதில் 26,421 புகார்கள், 2,175 காயங்கள், ஒரு மரணம். முதலில் சொன்னதும், வளையத்தைக் கண்ணால் பார்த்து உடைந்திருந்தால் பயன்படுத்தாதீர்கள் என்பதுதான். உடையாத பம்ப்புகளையும் கேள்வி கேட்காமல், உத்தரவாதம் பார்க்காமல், கறுப்பு வளையம் வைத்ததாக மாற்றித் தருகிறோம் என்று மெட்ரானிக் சொன்னது 2021 அக்டோபரில்தான். அந்த ஆண்டு டிசம்பரில் கலிஃபோர்னியாவின் நார்த்ரிட்ஜில் உள்ள அதன் தொழிற்சாலைக்கு எஃப்டிஏ எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. புகார்களைக் கையாண்ட விதமும், ஆபத்தை மதிப்பிட்ட விதமும், திருத்திய விதமும் போதாது என்று அந்தக் கடிதம் குறை சொன்னது.

ஜூன் கடிதத்தை மதித்து 722-ஐக் கொடுத்துவிட்டு 670ஜி-க்கு மாறிய ஒருவரை நினைத்துப் பாருங்கள். சொன்னதையெல்லாம் ஒழுங்காகச் செய்தவர் அவர். ஆண்டு முடிவதற்குள் இரண்டாவது அறிவிப்பும் அவர் வீட்டுக்குத்தான் வந்திருக்கும். பம்ப்பைக் காரைப் போலப் பட்டறையில் விட்டுவிட்டு வர முடியாது. மாற்றுப் பம்ப் வரும் வரை உள்ளதை அணிய வேண்டும், அல்லது ஒரு நாளைக்குப் பல ஊசிக்குத் திரும்ப வேண்டும், நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினைத் தேடி வாங்க வேண்டும், பழைய அளவுகளை மருத்துவரிடம் கேட்டு மறுபடி கணக்கிட வேண்டும். திரும்பப் பெறுதல் என்று ஒரு வரியில் எழுதுவது, அணிந்தவருக்குப் பல இரவு விழிப்பு.

ரிமோட்டின் முறை வர 2021 அக்டோபர் ஆயிற்று. 1999 ஆகஸ்ட் முதல் 2018 ஜூலை வரை விற்ற ரிமோட்கள் அனைத்தையும் நிறுத்தி, திருப்பி அனுப்பச் சொன்னார்கள். சாவிக்கொத்துப் பெட்டிகள் போயின. பம்ப்புகள் பலரிடம் இருந்துகொண்டே இருந்தன.

இதற்கிடையில் எஃப்டிஏ-வே சாவியைப் பற்றி யோசிக்கத் தொடங்கியிருந்தது. 2019 பிப்ரவரியில், பாரடைம் எச்சரிக்கைக்கு நான்கு மாதம் முன்பு, வெளியிலிருந்து வரும் நிரலின் கட்டளையைப் பாதுகாப்பாக ஏற்கும் பம்ப் என்ற புது வகையை உருவாக்கி, டாண்டம் நிறுவனத்தின் டி:ஸ்லிம் எக்ஸ்2-வுக்கு முதல் அனுமதி கொடுத்தது. பம்ப் ஒருவருடையது, சென்சார் இன்னொருவருடையது, கணக்கு மூன்றாமவருடையது என்று சேர்த்துக்கொள்ளலாம் என்பதை அரசே ஒப்புக்கொண்டது. 2022-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு சோதனை வெளியானது. நியூசிலாந்தில் 97 பேர், குழந்தைகளும் பெரியவர்களும். திறந்த நிரலைப் பயன்படுத்தியவர்களின் சர்க்கரை சரியான வரம்பில் இருந்த நேரம் மற்றவர்களைவிட 14 சதவீதப் புள்ளி கூடுதல். ஓப்பன்ஏபிஎஸ் வழியில் வந்த கணக்கு அது. பழைய பம்ப்புகளை வைத்துக்கொண்டு வீட்டு மேசைகளில் எழுதியது மருத்துவச் சோதனையில் நின்றது.

லூப் நிரலை டைட்பூல் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு எடுத்து, விதிமுறைப்படி சோதித்து, 2023 ஜனவரியில் எஃப்டிஏ அனுமதி வாங்கியது. அந்த நிரலோடு வந்த பம்ப் ட்விஸ்ட். 2024 மார்ச்சில் அனுமதி பெற்று 2025-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதை வடிவமைத்தது டீன் கேமன் என்பவரின் டெகா நிறுவனம். 1970-களில் உடம்போடு கட்டிக்கொள்ளும் முதல் மருந்துப் பம்ப்புகளில் ஒன்றைச் செய்தவர் அதே கேமன்தான். எழுபதுகளில் பம்ப்பைச் செய்தவர், பயனர்களே எழுதிய நிரலை இப்போது தன் பம்ப்பில் ஏற்றியிருக்கிறார்.

அனுமதி பெற்ற அந்த வடிவத்தில் பாரடைமுக்கு இடமில்லை. இருக்கவும் கூடாது. ஆனால் பயனர்கள் தாங்களே கட்டிக்கொள்ளும் லூப் செயலியில், பம்ப்பைச் சேர்க்கும் பகுதியைத் திறந்தால் ஆம்னிபாட் போன்ற வேறு பம்ப்புகள் இருக்கும் அதே பட்டியலில் மினிமெட் 500, 700 வரிசையும் தேர்ந்தெடுக்கும்படி இருக்கிறது. அதைத் தொட்டதும் செயலி பம்ப்பின் முதுகிலுள்ள ஆறு இலக்க எண்ணைக் கேட்கும்.